தாயம் எப்போது விழும்? செய்து பார்த்து அறியும் நிகழ்தகவு

தாயம் ஆடும் வழக்கமுள்ள வீடுகளில் பிள்ளைகள் ஒரு தவிப்பை மிகச் சிறு வயதிலேயே அறிந்துகொள்கிறார்கள். தாயம் விழாமல் காய் இறங்காது. மற்றவர்களின் காய்கள் கட்டம் கட்டமாக நகர்ந்துகொண்டிருக்க, ஒரு பிள்ளை மட்டும் தன் முறை வரும்போதெல்லாம் கட்டைகளை உள்ளங்கைகளுக்கு இடையில் தேய்த்து உருட்டிக்கொண்டே இருக்கிறது. இரண்டு விழுகிறது, மூன்று விழுகிறது, மறுபடியும் மூன்று விழுகிறது. தாயம் மட்டும் விழுவதில்லை. எட்டாவது முறையும் அது ஏமாற்றியபோது ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள்: "கட்டையில கோளாறா, இல்ல என் கைக்கு ராசி இல்லையா?"

இந்தக் கேள்வியைச் சமாதானம் சொல்லிக் கடந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். நிகழ்தகவு என்னும் பாடத்தின் வேர் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சி நடக்குமா நடக்காதா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத இடத்தில், அது நடப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை ஓர் எண்ணால் அளந்து சொல்வதே நிகழ்தகவு. நடக்கவே முடியாததற்கு 0, நடந்தே தீருவதற்கு 1, மற்ற எல்லாவற்றுக்கும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் எண். தாயம் விழுவதற்கு உரிய எண் எது என்று தெரிந்தால்தான், எட்டு முறை விழாமல் போவது வியப்புக்கு உரியதா, வழக்கமானதா என்று சொல்ல முடியும்.

பள்ளியில் இந்தப் பாடம் பெரும்பாலும் ஒரு சூத்திரத்தோடு தொடங்குகிறது: சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து கணக்கையும் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அதே மாணவர்களிடம், நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் சரியாக ஐந்து தலை விழுமா என்று கேட்டால், பலரும் தயங்காமல் "விழும்" என்கிறார்கள். உண்மையில் சரியாக ஐந்து விழுவது நான்கில் ஒரு தடவைதான். சூத்திரம் கைக்கு வந்திருக்கிறது, அது எதைப் பற்றிப் பேசுகிறது என்பது மனத்துக்கு வரவில்லை. ஆகவே வரிசையை மாற்றி, முதலில் உருட்டி எண்ணிப் பார்க்கவும் பிறகு கணக்குப் போடவும் பிள்ளைகளைப் பழக்குவதே நல்லது. இதற்கு வேண்டிய பொருள்கள் எல்லா வீட்டிலும் உண்டு: சில நாணயங்கள், ஒரு துண்டு, தாயக்கட்டை, கொஞ்சம் புளியங்கொட்டை, ஒரு துணிப்பை, சில சட்டைப் பொத்தான்கள்.

ஒரு நாணயம்

முதல் சோதனைக்கு நாற்பது பேர் உள்ள வகுப்பை எட்டுக் குழுவாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு குழுவும் ஒரு நாணயத்தை இருபது முறை சுண்ட வேண்டும். சிங்கமுகம் உள்ள பக்கம் தலை, மதிப்பு எண் உள்ள பக்கம் பூ என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. சிமெண்டுத் தரையில் நாணயம் உருண்டோடி மேசைக்காலில் சாய்ந்து நிற்கும். அதனால் மடித்த துண்டின்மேல் விழும்படி சுண்ட வேண்டும். துண்டுக்கு வெளியே விழுந்தால் அந்தச் சுண்டல் செல்லாது என்ற விதியையும் தொடங்கும் முன்பே வகுத்துவிட வேண்டும். விழுந்த பக்கத்தைப் பார்த்த பிறகு "இது செல்லாது" என்று சொல்ல இடம் கொடுத்தால், கைக்குப் பிடித்த விடை மட்டுமே கணக்கில் சேரும். சோதனை என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் இந்தச் சிறு விதியிலிருந்து கற்றுக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சுண்டுவதற்கு முன் ஒவ்வொரு குழுவும் தன் கணிப்பை ஏட்டில் எழுத வேண்டும். பெரும்பாலான குழுக்கள் 10 என்று எழுதும். பிறகு சுண்டத் தொடங்கி, விழுந்ததை விழுந்த வரிசையிலேயே 'த', 'பூ' என்று குறித்து வர வேண்டும். நேர்க்கோட்டுக் குறிகள் மட்டும் போட்டால் எண்ணிக்கை கிடைக்கும், வரிசை தொலைந்துவிடும். அந்த வரிசை பின்னால் தேவைப்படும்.

எட்டுக் குழுவும் முடித்த பின் கரும்பலகையில் எண்களை எழுதினால், வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். சரியாக 10 பெற்ற குழு ஒன்றோ இரண்டோ தான் இருக்கும், ஏனெனில் இருபதில் சரியாகப் பத்துத் தலை விழுவதற்கான நிகழ்தகவு 0.18 மட்டுமே. ஒரு குழு 13 பெற்றிருக்கலாம், இன்னொன்று 7 பெற்றிருக்கலாம். தலைகளின் எண்ணிக்கை 13-உம் அதற்கு மேலுமாகவோ, 7-உம் அதற்குக் கீழுமாகவோ அமைவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.26. அதாவது எட்டுக் குழுவில் இரண்டு குழுக்கள் இப்படி விலகி நிற்பது இயல்பே. 13 பெற்ற குழு தான் எங்கோ தவறு செய்துவிட்டதாக எண்ணி, இரண்டு 'த'வை அழித்துப் 'பூ' என்று திருத்த முற்படும். ஆசிரியர் அந்த இடத்தில் நின்று, அந்த 13-ஐக் காப்பாற்ற வேண்டும். நிகழ்தகவைப் பற்றிய முதல் உண்மை அந்த எண்ணில்தான் இருக்கிறது: குறைந்த எண்ணிக்கையிலான முயற்சிகள் எப்போதும் ஆட்டம் காட்டும்.

அடுத்து, எட்டுக் குழுக்களின் விடைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முதல் 20-இல் எத்தனை தலை, முதல் 40-இல் எத்தனை, 60-இல் எத்தனை என்று 160 வரை. ஒவ்வொரு நிலையிலும் தலைகளின் எண்ணிக்கையை மொத்தச் சுண்டல்களால் வகுத்து, வரைபடத்தாளில் புள்ளி வைக்க வேண்டும். இப்படிச் செய்து பெறும் எண்ணுக்குப் பட்டறி நிகழ்தகவு என்று பெயர். பட்டு அறிந்தது, அதாவது செய்து பார்த்து அறிந்தது என்று அந்தச் சொல்லே விளக்கம் சொல்லிவிடுகிறது. புள்ளிகள் தொடக்கத்தில் மேலும் கீழுமாகத் தாவும், போகப் போக 0.5-ஐ ஒட்டி அடங்கத் தொடங்கும்.

160 சுண்டல்கள் போதாது என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு ஜான் கெரிச்சின் கதையைச் சொல்லலாம். தென்னாப்பிரிக்காவில் கணிதம் கற்பித்து வந்த கெரிச், 1940-இல் உறவினர்களைக் காண டென்மார்க் சென்றிருந்தார். அந்த ஏப்ரலில் ஜெர்மானியப் படைகள் அந்நாட்டைக் கைப்பற்றியதால் தடுப்பு முகாம் ஒன்றில் அடைக்கப்பட்டார். முகாமில் அவர் ஒரு நாணயத்தை, மேசைமேல் விரித்த துணியில் விழும்படி, 10,000 முறை சுண்டி ஒவ்வொன்றையும் குறித்து வைத்தார். முதல் 10 சுண்டல்களில் 4 தலை, முதல் 100-இல் 44, முதல் 1,000-இல் 502, 10,000-இல் 5,067.

இந்த நான்கு எண்களையும் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளை உற்றுப் பார்க்கச் சொல்ல வேண்டும். விகிதமாகப் பார்த்தால் 0.40, 0.44, 0.502, 0.5067 என்று பாதியை நெருங்கி வந்து அதன் அருகிலேயே நிற்கிறது. ஆனால் பாதியிலிருந்து எத்தனை தலை கூடியது அல்லது குறைந்தது என்று எண்ணிக்கையாகப் பார்த்தால் 1, 6, 2, 67. இந்த வேறுபாடு சுருங்கவில்லை, பெருகியிருக்கிறது. பெருகிய வேறுபாடு அதைவிட வேகமாகப் பெருகிய மொத்தத்தால் வகுபடுவதால்தான் விகிதம் அடங்குகிறது. நாணயம் பழைய பாக்கியை ஒருபோதும் திருப்பிக் கட்டுவதில்லை. தலை கூடுதலாக விழுந்துவிட்டது, இனிப் பூ விழுந்து சரிக்கட்டும் என்று நம்புவோர் அனைவரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். சூத்திரத்தை மட்டும் கற்ற மாணவருக்கு இதை எத்தனை முறை விளக்கினாலும் ஏறாது, கெரிச்சின் எண்களைத் தன் கையால் வகுத்துப் பார்த்தவருக்கு ஒரு தடவை போதும்.

நாணயத்துக்கு நினைவு உண்டா?

வரிசையாகக் குறித்து வைத்த ஏடுகள் இப்போது பயன்படும். எல்லாக் குழுக்களின் ஏடுகளிலும் மூன்று தலைகள் அடுத்தடுத்து விழுந்த இடங்களைத் தேடி, ஒவ்வொன்றையும் அடுத்து விழுந்தது தலையா பூவா என்று பட்டியல் எடுக்கச் சொல்ல வேண்டும். மூன்று தலைக்குப் பின் பூ விழும் வாய்ப்புக் கூடுதல் என்று பெரும்பாலோர் நம்புவார்கள். பட்டியல் அப்படிக் காட்டாது. ஏறத்தாழ பாதிக்குப் பாதியாகவே இருக்கும். முன்னால் என்ன விழுந்தது என்பது பின்னால் விழுவதை மாற்றாத இத்தகைய நிகழ்ச்சிகளைச் சார்பிலா நிகழ்ச்சிகள் என்கிறோம்.

இதையே இன்னும் அழுத்தமாக உணர்த்தும் விளையாட்டு ஒன்று உண்டு. வகுப்பின் ஒரு பாதி நாணயத்தை நூறு முறை உண்மையாகச் சுண்டி எழுத வேண்டும். மறுபாதி சுண்டாமல், சுண்டியதுபோல் தோன்றும்படி நூறு எழுத்துகளைக் கற்பனையாக எழுத வேண்டும். ஆசிரியர் வெளியே சென்றுவிட்டு வந்து, எது உண்மை எது கற்பனை என்று சொல்ல வேண்டும். நீண்ட தொடர் எந்த ஏட்டில் இருக்கிறதோ அதுவே உண்மையான ஏடு என்று சொல்பவர் பெரும்பாலும் தோற்பதில்லை. உண்மையாக நூறு முறை சுண்டினால், ஒரே பக்கம் ஆறோ அதற்கு மேலோ தொடர்ந்து விழும் ஓரிடமாவது இருப்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.8. கற்பனையாக எழுதும் பிள்ளையோ நான்காவது 'த'வை எழுதும்போதே இது செயற்கையாகத் தெரியுமோ என்று அஞ்சிப் 'பூ'வுக்குத் தாவிவிடும். தற்செயல் என்பது ஒழுங்காகக் கலந்து வரும் என்ற நம் எதிர்பார்ப்பு எவ்வளவு தவறானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் அறியேன்.

இரண்டு நாணயங்கள்

இரண்டு நாணயங்களைச் சேர்த்துச் சுண்டினால் என்ன விழக்கூடும்? இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என்று மூன்று விளைவுகளைப் பிள்ளைகள் சொல்வார்கள். ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1/3 என்பார்கள். அதை மறுக்காமல் ஒரு போட்டி வைக்க வேண்டும். மூவர் ஆளுக்கு ஒரு விளைவைத் தேர்ந்துகொள்ள, நாற்பது முறை சுண்டி, தன் விளைவு விழும்போதெல்லாம் ஒரு புள்ளி பெறலாம். பாதி ஆட்டம் முடிவதற்குள் கலப்பு விளைவைத் தேர்ந்தவர் முந்திவிடுவார். மற்ற இருவரும் இடம் மாறிக்கொள்ளக் கேட்பார்கள். ஏன் மாற வேண்டும் என்று கேட்டால் பாடம் தானாகத் தொடங்கிவிடும்.

இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய் நாணயத்தையும் ஐந்து ரூபாய் நாணயத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது நல்லது. ஒரு ரூபாய் தலை, ஐந்து ரூபாய் பூ என்பது ஒரு விளைவு. ஒரு ரூபாய் பூ, ஐந்து ரூபாய் தலை என்பது வேறு விளைவு. ஆக மொத்தம் நான்கு. இந்த நான்கின் தொகுப்பையே கூறுவெளி என்கிறோம். கலப்பு விளைவு அதில் இரண்டு இடங்களைப் பிடித்திருப்பதால் அதன் நிகழ்தகவு 2/4, மற்றவை 1/4 வீதம். இரண்டும் ஒரு ரூபாய் நாணயங்களாகவே இருந்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்பார்கள். ஒன்றின்மேல் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிட்டுச் சுண்டிப் பார்க்கலாம். நாணயங்களை நம்மால் பிரித்தறிய முடிகிறதா என்பதைப் பற்றி நாணயங்களுக்கு அக்கறை இல்லை.

பிள்ளைகள் சொல்லும் அந்த மூன்றில் ஒன்றுக்கு மதிப்பு மிக்க துணை ஒன்று வரலாற்றில் உண்டு. பிரெஞ்சுக் கணித அறிஞர் தலம்பேர், 1754-இல் வெளிவந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத் தொகுதியில், இரண்டு சுண்டல்களில் ஒரு தலையாவது விழுவதற்கான வாய்ப்பை ஆராய்ந்தார். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும் என்பதால் விளைவுகள் மூன்றுதான்: தலை, பூவுக்குப் பின் தலை, பூவுக்குப் பின் பூ. எனவே விடை 2/3 ஆகலாம் என்று அவர் வாதிட்டார். சரியான விடை 3/4. அவருடைய மூன்று விளைவுகளும் சம வாய்ப்புடையவை அல்ல; முதலாவது விளைவு மற்ற ஒவ்வொன்றையும்விட இரு மடங்கு அடிக்கடி விழும். விளைவுகளைப் பட்டியலிடுவது கணக்கில் பாதிதான், அவை சம வாய்ப்புடையவையா என்று பார்ப்பது மறுபாதி. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் சுண்டிப் பார்த்திருந்தால் இந்த 2/3 நிலைத்திருக்காது.

தாயக்கட்டை

இனித் தாயத்துக்கு வருவோம். பித்தளைத் தாயக்கட்டை நீண்ட நான்கு பட்டைகளை உடையது. ஒரு பட்டையில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, இன்னொன்றில் மூன்று, மற்றொன்று வெறுமை. இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டி, மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டிக்கொள்கிறோம். கூட்டுத்தொகை ஒன்றானால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் அதைப் பன்னிரண்டு என்று கொள்வது வழக்கம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவை விழுந்தால் மறுபடியும் உருட்டலாம்.

முதல் கட்டைக்கு நான்கு வழி, அந்த ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது கட்டைக்கு நான்கு வழி. ஆகக் கூறுவெளியில் பதினாறு விளைவுகள். நான்குக்கு நான்கு கட்டம் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் கூட்டுத்தொகையை எழுதச் சொன்னால், தாயப் பலகை வரைந்து பழகிய கைகள் இதை விரைவாகச் செய்துவிடும். மூன்று என்னும் எண் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை சாய்வாக நான்கு கட்டங்களில் விழுந்திருக்கும். இரண்டும் நான்கும் மும்மூன்று கட்டங்களில். தாயமும் ஐந்தும் இரண்டிரண்டு கட்டங்களில். ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொரு கட்டத்தில். தாயத்தின் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. மறுமுறை உருட்டும் உரிமை தருகிற நான்கையும் சேர்த்தால் ஆறு கட்டங்கள். அதன் நிகழ்தகவு 6/16, அதாவது 3/8. ஆட்டத்தில் மூன்று ஏன் சலிப்பூட்டும் அளவுக்கு விழுகிறது என்று எப்போதும் முணுமுணுக்கும் ஒரு பையன், அந்தச் சாய்வுக் கோட்டை விரலால் தடவிப் பார்த்து, "இதுதானா?" என்றான். கட்டத்தை வரைந்த பிறகு, 80 முறை உருட்டி எண்ணிப் பார்க்கலாம். தாயம் பத்தை ஒட்டியும் மூன்று இருபதை ஒட்டியும் வரும் என்று எதிர்பார்க்கலாம். ஒட்டி என்பதன் பொருள் இதற்குள் அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

புளியங்கொட்டை

பித்தளைக் கட்டை இல்லாத வீடுகளில் புளியங்கொட்டையே கட்டை. நான்கு கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் கருங்கல் படியில் தேய்ப்பார்கள். பழுப்புத் தோல் உரிந்து, உள்ளிருக்கும் வெள்ளைப் பருப்பு தட்டையாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது விரல் பொறுக்க முடியாதபடி கொட்டை சூடேறும். உருட்டும்போது எத்தனை வெள்ளை மேலே தெரிகிறதோ அத்தனை கட்டம். ஒரே ஒரு வெள்ளை தெரிந்தால் தாயம்.

இங்கே தாயத்தின் நிகழ்தகவு என்ன? வெள்ளை, பழுப்பு என்று பக்கங்கள் இரண்டு. ஆகவே ஒரு கொட்டைக்குப் பாதிக்குப் பாதி என்று சூத்திரம் கற்றவர் சொல்லிவிடுவார். ஆனால் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. இரண்டும் சம வாய்ப்புடையவை என்று கொள்வதற்கு எந்தக் காரணமும் இல்லை. தட்டையான பக்கம் தரையில் நன்றாகப் படியும், அதனால் பழுப்பே அதிகம் தெரியும் என்று சிலர் வாதிடுவார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று சிலர் எதிர்ப்பார்கள். வாதம் முடிந்ததும், ஒரே கொட்டையை நூறு முறை உருட்டி எண்ண வேண்டியதுதான். எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை. ஆழமாகத் தேய்த்த கொட்டைக்கு ஓர் எண், மேலோட்டமாகத் தேய்த்ததற்கு வேறோர் எண் என்று ஒவ்வொரு கொட்டையும் தனக்கு உரிய நிகழ்தகவைக் கொண்டிருக்கும். நாணயத்தைக் கொண்டு மட்டுமே நிகழ்தகவைக் கற்பிப்பது இந்த ஒரு காரணத்துக்காகவே குறையுடையது என்று கருதுகிறேன்: விடை முன்பே தெரிந்த பொருளில், எண்ணுவதற்கு என்ன தேவை இருக்கிறது என்பது பிள்ளைக்குப் புலப்படாது.

எண்ணிப் பெற்ற எண்ணைக் கொண்டு மேலும் கணக்கிட முடியும். ஓர் எடுத்துக்காட்டுக்காக, நான்கு கொட்டைகளும் ஒரே மாதிரியாகத் தேய்க்கப்பட்டவை என்றும், ஒவ்வொன்றும் நூற்றில் நாற்பது முறை வெள்ளை காட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். வெள்ளைக்கு 0.4, பழுப்புக்கு 0.6. முதல் கொட்டை வெள்ளையாகவும் மற்ற மூன்றும் பழுப்பாகவும் விழுவதற்கான நிகழ்தகவு 0.4 × 0.6 × 0.6 × 0.6, அதாவது 0.0864. அந்த ஒற்றை வெள்ளை நான்கு கொட்டைகளில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் அதை நான்கால் பெருக்க, தாயத்தின் நிகழ்தகவு 0.3456 ஆகிறது. பித்தளைக் கட்டையின் 0.125-ஐவிட இது மிகப் பெரியது. அதே கொட்டைகள் நூற்றில் எழுபது முறை வெள்ளை காட்டுபவையாக இருந்தால், இதே கணக்குப்படி தாயத்தின் நிகழ்தகவு 0.0756-ஆகச் சரிந்துவிடும். கொட்டையைத் தேய்ப்பவர் கையில் ஆட்டத்தின் போக்கே இருக்கிறது.

கொட்டைதான் ஒழுங்கற்றது, பகடையும் நாணயமும் குறையற்றவை என்று எண்ணிவிடவும் கூடாது. ஆங்கிலேய உயிரியலாளர் வெல்டன், 1894-இல் பன்னிரண்டு பகடைகளை 26,306 முறை உருட்டிக் கிடைத்த விடைகளைத் தொகுத்தார். மொத்தம் 3,15,672 பகடை விழுகைகள். ஐந்தோ ஆறோ விழுவதற்கு 1/3 வாய்ப்பு என்றால் 1,05,224 முறை அவை விழுந்திருக்க வேண்டும்; விழுந்ததோ 1,06,602 முறை. விகிதத்தில் 0.3333-க்குப் பதில் 0.3377. பகடையின் முகங்களில் புள்ளிகள் குழியாகக் குடையப்பட்டிருப்பதால், ஆறு குழிகள் உள்ள முகம் எதிரே உள்ள ஒற்றைக் குழி முகத்தைவிடச் சற்று இலேசாகி மேல்நோக்கி அமைய முனைகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். நூறு முறை உருட்டியிருந்தால் இந்தச் சிறு சாய்வு கண்ணில் பட்டிருக்கவே படாது. நாணயத்திலும் இத்தகைய சாய்வு ஒன்று இருப்பதை, 2023-இல் வெளியான ஓர் ஆய்வு 3,50,757 சுண்டல்களைக் கொண்டு காட்டியது: சுண்டும்போது மேலே இருந்த பக்கமே மறுபடியும் மேலே விழுவது நூற்றுக்கு 50.8 முறை. சாய்வு எவ்வளவு சிறியதோ, அதைக் கண்டுபிடிக்க அவ்வளவு அதிகமாக எண்ண வேண்டும்.

பைக்குள் இருப்பது என்ன?

இதுவரை பொருள் கண்ணெதிரே இருந்தது. ஒரு துணிப்பையில் பத்துப் பொத்தான்களைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போட்டு, சில சிவப்பு, சில வெள்ளை என்று மட்டும் சொல்லிவிட்டு, பையைத் திறந்து பார்க்காமலே எத்தனை சிவப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஒரு பொத்தானை எடுத்து, நிறத்தைக் குறித்து, திரும்பப் போட்டு, பையை நன்றாகக் குலுக்கி, மறுபடியும் எடுக்க வேண்டும். முப்பது முறை எடுத்தபின் ஒரு மதிப்பீடு, அறுபது முறை எடுத்தபின் இன்னொன்று. பொத்தான்கள் நிறத்தில் மட்டுமே வேறுபட வேண்டும். ஒருமுறை பொத்தானுக்குப் பதிலாகக் கருப்புக் கொண்டைக்கடலையையும் வெள்ளைக் கொண்டைக்கடலையையும் பயன்படுத்தியபோது, வெள்ளை பெரிதாக இருந்ததால் விரல்கள் தம்மையறியாமல் அதையே தேடி எடுத்தன. மதிப்பீடு முழுவதும் வெள்ளைப் பக்கம் சாய்ந்துவிட்டது. அழகுக்காகக் குன்றிமணியைப் பயன்படுத்த நினைப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும், அதன் பருப்பு கொடிய நஞ்சு.

காத்திருத்தல்

இனி அந்தச் சிறுமியின் கேள்விக்கு விடை தேடலாம். பித்தளைக் கட்டைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தாயம் விழும்வரை உருட்டி, எத்தனையாவது உருட்டலில் அது விழுந்தது என்பதை ஒரு சீட்டில் எழுத வேண்டும். ஆளுக்கு ஐந்து சீட்டு என்றால் நாற்பது பேருக்கு 200 சீட்டுகள். சுவரில் 1, 2, 3 என்று எண்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு சீட்டையும் அதற்கு உரிய எண்ணின்மேல் அடுக்கி ஒட்ட வேண்டும். எந்த அடுக்கு உயரமாக இருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டால், எட்டு என்றே பலர் சொல்வார்கள். எட்டில் ஒரு வாய்ப்பு என்பதால் எட்டாவது முறை விழும் என்பது அவர்கள் எண்ணம்.

கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. முதல் உருட்டலிலேயே தாயம் விழுவதற்கு 1/8. அதாவது 200 சீட்டுகளில் 25 எதிர்பார்க்கலாம். இரண்டாவது உருட்டலில் விழ வேண்டுமானால் முதலாவது தவற வேண்டும்: 7/8 × 1/8, ஏறத்தாழ 22 சீட்டுகள். மூன்றாவதற்கு 19. இப்படி ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிடச் சற்றுக் குட்டையாக இருக்க, வரிசை வலப்புறம் நீண்டுகொண்டே போகும். எல்லாக் காத்திருப்புகளுக்கும் சராசரி எட்டுதான்; ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் மிக அதிகமாக நிகழக்கூடியது முதல் உருட்டல். மிக நீண்ட காத்திருப்புகள் சில இருப்பதால்தான் சராசரி எட்டுவரை இழுக்கப்படுகிறது.

எட்டு உருட்டல்களிலும் தாயம் விழாமல் போவதற்கான நிகழ்தகவு 7/8-ஐ எட்டு முறை பெருக்கக் கிடைப்பது. அது ஏறத்தாழ 0.34. சுவரில் ஒட்டிய 200 சீட்டுகளில் ஏறத்தாழ 69 சீட்டுகள் எட்டுக்கு வலப்புறம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். இருபது முறை உருட்டியும் விழாதவையாக ஏறத்தாழ 14 சீட்டுகள் இருக்கும். எட்டு முறை ஏமாந்த பிள்ளைக்கு ஒன்பதாவது உருட்டலில் தாயம் விழுவதற்கான நிகழ்தகவும், அது முதன்முதலாகக் கட்டையைக் கையில் எடுத்தபோது இருந்த அதே 1/8 தான். இந்த அடுக்கை ஒட்டி முடித்த அன்று, கேள்வி கேட்ட சிறுமி சுவரின் அருகே சென்று, தன் சீட்டுகளில் 11 என்று எழுதியிருந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் இரு பக்கமும் இருந்த சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.